நான் பார்க்காத வோலோஃப்

கனடாவின் பிறம்ரன் நகரில் நான் வேலை செய்யும் வெயர்ஹவுஸில் செனகல்காரர்கள் பலர். தங்கள் வோலோஃப் மொழியில் ஆளுக்கொரு விதமாக அவர்கள் எழுதும் செய்திகளை ஒரே எழுத்துமுறைக்கு மாற்ற நிர்வாகம் ஏஐ மொழி மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தது. அது திருத்திய தாள்கள் என் மேசைக்கு வந்தன. "தாய்மொழியாளர் சரிபார்த்தார்" என்ற வரிக்கு எதிரே என் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. எனக்கு வோலோஃபில் ஒரு சொல்லும் தெரியாது. மனேஜருக்கு ஆங்கிலம் அல்லாத மொழியெல்லாம் ஒன்றுதான்.

"சைன் வைச்சிட்டு விடுங்கோ அண்ணை, ஆர் பாக்கப்போறான்?" என்றார் பக்கத்து மேசைத் தமிழர்.

"எங்கட தமிழுக்கு ஒரு செனகல்காரர் சைன் வைச்சா நீர் பேசாம இருப்பீரோ?"

கையெழுத்திடாமல் திருப்பிக் கொடுத்தேன். வேறு யாரிடம் கேட்பதாம் என்றார் மனேஜர். அவர் முதுகுக்குப் பின்னால், கண்ணாடிக்கு அப்பால், அந்தச் செய்திகளை எழுதியவர்கள் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.