எந்தத் தெரு?

எங்கள் வார்டு கவுன்சிலர் ஒரு நாவல் எழுதியவர் என்பது தாம்பரத்தில் அநேகம் பேருக்குத் தெரியாது. கட்சிக் கரை வேட்டி, பித்தான் தெறிக்கும் தொப்பை, கரகரத்த குரல். எதிரே யார் வந்தாலும், அவர்கள் வாய் திறப்பதற்குள் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிவிட்டு, "எந்தத் தெரு?" என்பார்.

தொண்ணூறுகளில் ஒரு கோடை. பழைய புத்தகக் கடையில் கிடைத்த அந்த நாவலை ஒரே மூச்சில் படித்துவிட்டு, ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் அவரைப் பிடித்தேன்.

"சார், உங்க..."

"எந்தத் தெரு?"

"தெரு இல்ல சார். உங்க நாவல் படிச்சேன். ரயில்வே கேட்ல பூ விக்கிற அந்தப் பொண்ணு, கடைசியில புருஷன்கூட போனாளா, இல்லியா?"

பேனாவை மூடினார். அவர் அதை மூடி நான் பார்த்தது அன்றுதான்.

"அதத்தான் சார் ரெண்டாவது புக்கா எழுதிக்கினு கீறேன். இத்தினி வருஷத்துல ஒருத்தரும் கேட்டதில்ல." டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அவ போவல சார். ஏன்னா..."

காலிக் குடத்தோடு ஒரு பெண் வந்து நின்றாள். "இன்னாண்ணே, தண்ணி லாரி வந்து ஒரு வாரமாவுது. புள்ளைங்க குடிக்கக்கூட இல்ல."

பேனா மூடி மறுபடி கழன்றது. அவளோடு எழுந்து போனவர், ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பினார்.

"நீங்க எந்தத் தெரு சார்?"

சொன்னேன்.

மறுநாள் எங்கள் தெருவுக்கும் லாரி வந்தது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இரண்டாவது நாவல் அவர் கண்மூடும்வரை வரவேயில்லை. அந்தப் பூக்காரப் பெண் ஏன் போகவில்லை என்று இனி யாரைக் கேட்பது?