தம்பி கேட்ட தேள்

என் அப்பாவுக்குப் பச்சை குத்துகிற தொழில். நாலாம் வகுப்பில் டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பி, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டபோது எழுந்து நின்று அப்படியே சொன்னேன். வகுப்பே சிரித்தது. பக்கத்தில் இருந்தவள் மட்டும் சிரிக்காமல், வலிக்குமா என்று கேட்டாள். எங்க அப்பா குத்தினால் வலிக்காது என்று புளுகினேன். நன்றாகவே வலிக்கும். முறுக்கு மீசை வைத்த ஆட்களெல்லாம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு முனகுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மேட்டுப்பாளையத்தில் காய்கறி மண்டிகளுக்குப் பின்னால் ஒரே வரிசையில் ஏழெட்டு வீடுகள்; கடைசி வீடு எங்களுடையது. அப்பா சந்தை சந்தையாகவும் நோம்பி நோம்பியாகவும் அலைவார். எங்கள் பக்கத்தில் திருவிழாவுக்கு நோம்பி என்று பேர். காரமடைத் தேர், உடுமலைப்பேட்டைத் தேர், அதற்கு நடுவில் பேர் தெரியாத ஊர்களின் மாரியம்மன் நோம்பிகள். ஒரு பையில் பேட்டரியில் ஓடும் மெஷின், மைப்புட்டி, மாதிரிப் படங்கள் ஒட்டிய அட்டை. வேல், சூலம், தாமரை, தேள் என்று அட்டையில் வரிசையாக இருக்கும். ஆட்கள் கேட்பதோ பெரும்பாலும் பேர்தான். சாமி பேர், சம்சாரத்தின் பேர், நடிகரின் பேர். இந்த மூன்றில் நடிகர் பேருக்குத்தான் கூட்டம் அதிகம்.

அப்பா வீட்டில் அதிகம் பேச மாட்டார். நாள் முழுக்கப் பேசவேண்டியதைத் தேர்வீதியில் பேசித் தீர்த்துவிட்டு வருவார் போலிருக்கிறது. அங்கே சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டால் அவர் குரல் தனி.

"நகை நட்டு கூட வராதுங்க. ஊடு வாசல் கூட வராதுங்க. நாளைக்குக் கண்ண மூடி அங்க போயி நின்னா, என்ன கொண்டாந்தேன்னு கேப்பாங்க. கைய நீட்டிக் காட்டோணுமுங்க. கூட வர்றது இது ஒண்ணுதானுங்க! வாங்க அம்மணி, வாங்க."

இதைக் கேட்டு நின்ற கூட்டத்தில் எத்தனை பேர் நம்பினார்களோ தெரியாது. அப்பா நம்பினாரா என்பதும் தெரியாது. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா முழுசாக நம்பினாள். அவளுடைய இடது கை அப்பாவுக்கு ரஃப் நோட்டாக இருந்தது. தொழில் பழகிய காலத்தில் குத்திய கோணல் சூலம், பாதித் தாமரை, பல்லியா ஓணானா என்று இன்றுவரை முடிவாகாத ஒரு பிராணி எல்லாம் அதில் இருந்தன. அம்மா அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டதே இல்லை. வலது கை மட்டும் சுத்தமாக இருந்தது.

தம்பிக்கு நாலு வயது. அட்டையில் இருந்த தேள்மீது அவனுக்கு ஒரே கண். காலையில் எழுந்ததும் அப்பா முன்னால் போய்க் கையை நீட்டிக்கொண்டு நிற்பான்.

"பத்து வயசு ஆவட்டும் சாமி. இப்பக் குத்துனா, நீ வளர வளரத் தேளு தவளையாயிப் போயிரும்" என்பார் அப்பா.

அவர் சொன்னது தொழில் நியாயம்தான். சின்னத் தோலில் குத்தினால் படம் விரிந்துபோகும். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், தம்பி அழுதால் அப்பாவுக்குத் தாங்காது. அந்த வருஷம் மாசியில் காரமடைத் தேருக்குப் போயிருந்தபோது அம்மாகூடக் கேட்டாள், ஒரு புள்ளியாவது வைத்துவிடுங்களேன் என்று. அப்பா காதில் விழாத மாதிரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதனால் தம்பிக்குப் பச்சை குத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. மைப்பேனாவை எடுத்து, வாயாலேயே மெஷின் சத்தம் போட்டுக்கொண்டு, அவன் மணிக்கட்டில் தேள் வரைவேன். வரைந்து முடித்ததும் ஊதிக் காயவைப்பேன். குளிக்கும்போது அந்தக் கையை மட்டும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்பான். அப்படியும் ஒரு சொம்புத் தண்ணீரில் தேள் கரைந்துவிடும். அதற்கு ஒரு அழுகை. அடுத்த நாள் மறுபடியும் கையை நீட்டிக்கொண்டு வந்து நிற்பான். எனக்கு எரிச்சலாக இருக்கும். சில நாள் போடா என்று விரட்டியிருக்கிறேன்.

ஐப்பசியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் வலிப்பு. கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். என்னைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். மறுநாள் காலை எங்கள் வீட்டு முன்னால் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. எங்கள் வீட்டுக்குக் கார் வந்தது அதுதான் முதல் தடவை. நான் குதித்துக்கொண்டு ஓடினேன். பின் சீட்டில் அம்மாவின் மடியில் தம்பி படுத்திருந்தான். கதவைத் திறந்த அப்பா என் தலைமேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே நின்றார்.

அம்மாவின் அண்ணன், என் மாமா, வந்துதான் ஆகவேண்டியதைப் பார்த்தார். தம்பியைக் குளிப்பாட்டி, தீபாவளிக்கு எடுத்து வைத்திருந்த சட்டையைப் போட்டுப் பாயில் கிடத்தினார்கள். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் இருந்த அம்மா, தூக்கப்போகிற நேரத்தில் அவன் மேல் குறுக்காகக் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, மெஷின எடுத்துட்டு வாங்க" என்றாள் அப்பாவைப் பார்த்து.

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் கிட்டே வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். "உசுரில்லாத தோலு மையப் புடிக்காது புள்ள."

"ஊருச் சனத்துக்கெல்லாம் குத்துனீங்க. என்ற பையன மட்டும் வெறுங்கையோட அனுப்பறீங்களா? அங்க கேப்பாங்கல்ல? என்னத்தக் காட்டுவான் அவன்?"

சுற்றி நின்றவர்கள் அவளைத் தேற்றப் பார்த்தார்கள். மாமா அதட்டியும் பார்த்தார். அவள் கையை எடுக்கவில்லை. கடைசியில் அப்பா எழுந்து, எல்லோரையும் வெளியே இருக்கச் சொன்னார். அம்மாவை மாமா பிடித்துக்கொண்டு போனார். நான் தம்பியின் தலைமாட்டில் டிரங்குப் பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். போ என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தினார்.

பேட்டரியை மாட்டி மெஷினை ஓடவிட்டார். அந்தச் சின்ன அறை முழுக்கச் சத்தம் நிறைந்தது. ஒரு தீக்குச்சியை மையில் தொட்டுத் தம்பியின் மணிக்கட்டில் வரைந்தார். உடம்பு, கொடுக்கு, ஒவ்வொரு காலாக. யாருக்குக் குத்தினாலும் முதலில் இப்படித்தான் வரைவார், அதன்மேல் ஊசியை ஓட்டுவார். அதனால் நான் ஊசிக்காகக் காத்திருந்தேன். மெஷினை எடுத்து அவன் கைக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு அதைத் தரையில் வைத்துவிட்டார். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டு, மல்லாந்த வண்டு மாதிரி சிமெண்டுத் தரையில் சுற்றியது. அப்பா குனிந்து தேளை ஊதிக் காயவைத்தார். ஊதிக்கொண்டே அழுதார். மெஷின் சத்தத்தில் அவர் அழுதது வெளியே யாருக்கும் கேட்டிருக்காது. ஒரு தேள் குத்த எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அதை ஓடவிட்டு, நிறுத்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

அம்மா உள்ளே வந்து அந்தக் கையை எடுத்துப் பார்த்தாள். "அளவாக் குத்தீருக்கறீங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. தம்பியைப் பவானி ஆற்றங்கரையில் புதைக்கத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அப்பா ஏமாற்றிவிட்டார் என்று எனக்கு ஒரே கோபம். யாரிடமும் சொல்லவில்லை. அம்மா வருகிறவர்களிடமெல்லாம், என்ற பையன் கையில அடையாளம் இருக்குதுங்க, போன எடத்துல காட்டிக்குவான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் வரும். பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும், மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து, பகல் முழுக்க நிற்காத மழை. எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு சொம்புத் தண்ணீரில் கரைகிற தேள்.

"மண்ணுக்குள்ள தண்ணி போகுமாம்மா?" என்று கேட்டேன்.

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "போனாப் போவுது. பச்சை அழியாது கண்ணு."

"அது பச்சை இல்லம்மா. வெறும் மைதான். அப்பா ஊசியே வெக்கல."

தம்பி அங்கே போய்க் கையை நீட்டி, அதில் ஒன்றும் இல்லாமல் விழிப்பானே என்றுதான் நான் பயந்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை. அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "நீ பாத்தியா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். தலையாட்டினேன். நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. இத்தனை வருஷம் கழித்தும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சாயங்காலம் நனைந்துகொண்டு வந்த அப்பாவிடம், "ஊசி வெக்கலயாமா?" என்று கேட்டாள்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. ஈரச் சட்டையோடு நின்றபடியே, "கை வரல புள்ள" என்றார்.

அம்மா சண்டை போடவில்லை. பேச்சை நிறுத்திவிட்டாள். உங்கப்பாவச் சாப்பிட வரச் சொல்லு, உங்கப்பாவுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு என்று எல்லாம் என் வழியாகத்தான் போகும். இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு நான் தூது போனேன். முதல் இரண்டு நாள் எனக்கு அது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு சலித்துவிட்டது. கார்த்திகை போய், மார்கழி போய், தையும் போனது. அப்பா நோம்பிகளுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். போனாலும் சீக்கிரம் திரும்பிவிடுவார்.

மாசியில் காரமடைத் தேர் வந்தது. அம்மா கிளம்பமாட்டாள் என்றுதான் நினைத்தேன். தேரன்று காலை அவளே எனக்குத் தலைசீவிவிட்டுப் பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனாள். வழக்கமான இடத்தில்தான் அப்பா சாக்கை விரித்திருந்தார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அட்டையை முன்னால் வைத்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நகை நட்டும் இல்லை, ஊடு வாசலும் இல்லை. கூட்டம் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

அம்மா போய் அவர் எதிரில் சாக்கில் உட்கார்ந்தாள். வலது கையை நீட்டினாள்.

"பையன் பேர எழுதுங்க."

நாலு மாசத்தில் அவள் அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். அப்பா சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஊட்டுக்குப் போயிப் பாத்துக்கலாம் புள்ள" என்றார்.

"இங்கயே எழுதுங்க. அவன் கைல இல்லாட்டிப் போவுது. என்ற கைல இருக்கட்டும். நான் போறப்பக் காட்டி, இவன் என்ற பையன்னு சொல்லிக் கூட்டிக்கறேன்."

அப்பா தீக்குச்சியை எடுத்து எழுதினார். பிறகு மெஷினை எடுத்தார். இந்தத் தடவை ஊசி இறங்கியது. மையும் ரத்தமும் சேர்ந்து கசியக் கசியத் துணியால் ஒற்றிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திக் குத்தினார். அவர் அவ்வளவு கோணலாக எழுதி நான் பார்த்ததே இல்லை. அம்மா ஒரு முனகல்கூட முனகவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் அப்பா அந்தக் கையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு சந்தோஷமாக இருந்தது. இவர்கள் ராசியாகிவிட்டார்கள், இனிமேல் தூது போக வேண்டாம். அந்த சந்தோஷத்தில் நானும் போய்ச் சாக்கில் ஒட்டி உட்கார்ந்து பார்த்தேன். தம்பியின் பேருக்குக் கீழே நிறைய இடம் இருந்தது.

"என் பேரும் எழுதிக்கம்மா" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். "நீதான் இங்க இருக்கறயே கண்ணு. உன்ற பேரு எதுக்கு?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஊசி வைக்காததை அம்மாவிடம் சொல்லிவிட்டதற்கு இதுதான் தண்டனை என்று நினைத்தேன். செத்துப்போனவனுக்குத்தான் இவர்கள் அம்மாவும் அப்பாவும், எனக்கு யாருமில்லை என்று அந்த வயதுக்கு எட்டிய வரையில் பெரிதாக முடிவு கட்டிக்கொண்டேன். வாங்கிக்கொடுத்த பொரியைத் தொடவில்லை. அன்றைக்கு ஆரம்பித்த அந்த வருத்தத்தை வெகுநாள் வளர்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தேர் கிளம்பிவிட்டது. கூட்டம் நெருக்கித் தள்ளியது. அம்மா என் மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டாள். கோபத்தில் நான் உருவிக்கொண்டு ஓடப் பார்த்தேன். இழுத்தேன், முறுக்கினேன், நகத்தால்கூடக் கிள்ளினேன். அவள் பிடி தளரவே இல்லை. அரை மணி நேரத்துக்கு முன்னால் ஊசி ஓடிய கை அது. எழுத்துகள் தடித்து வீங்கி, ஓரங்களில் இன்னும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. நான் இழுக்க இழுக்க அது அவளுக்கு எப்படி வலித்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.