தாய்மாமன் போட்ட குழாய்

தீர்த்தம்மாளின் மூக்கைப் பற்றிப் பாலக்கோட்டில் அவள் தெருவே கேலி பேசும். அடுத்த வீட்டில் பால் அடிப்பிடித்தால் இவள் ஜன்னல் வழியாகக் குரல் கொடுப்பாள். வீட்டுக்குக் குழாயில் கேஸ் வந்த பிறகு கேலி இன்னும் கூடிப்போயிற்று. வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போதே சோப்பைக் கரைத்து, மீட்டரிலிருந்து அடுப்பு வரைக்கும் ஒவ்வொரு மூட்டிலும் நுரையைத் தடவி, குமிழ் கிளம்புகிறதா என்று குனிந்து பார்ப்பாள். அந்த மஞ்சள் குழாயில் யாராவது ஈரத்துண்டைக் காயப்போட்டுவிட்டால் போதும், அன்றைக்கு அந்த ஆளுக்கு நிம்மதியாகச் சோறு இறங்காது.

இணைப்புக் கொடுத்த அன்று கம்பெனிக்காரர் சொல்லிவிட்டுப் போனது அப்படி. "மீட்டர் வரைக்கும் எங்க பொறுப்புங்க. அதத் தாண்டுனா குழாய் உங்களுது, நீங்கதான் பாத்துக்கணும்." மற்றவர்கள் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார்கள். பொறுப்பு என்று ஒன்றை ஏற்றுக்கொண்டால் கீழே இறக்கி வைக்கத் தெரியாத பிறவி இவள்.

அவளுடைய முதல் பொறுப்பு தம்பி மாதவராஜ். அவன் தவழும் வயதில் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தை விட்டு நின்று அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்தவள், அவன் தலையெடுக்கிற வரைக்கும் கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை. பிறகு கல்யாணமாகி, சுகுணா பிறந்து, புருஷனும் காலமானான். முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்றுத்தான் மகளைப் படிக்க வைத்தாள்.

பலகார வேலைக்குக் கொல்லைப்புறக் கொட்டகையில் இன்னொரு அடுப்பு தேவைப்பட்டது. கம்பெனியில் எழுதிக் கொடுத்தால் ஆள் வந்து பார்த்து, சரியான குழாய் போட்டு, சோதித்துவிட்டுத்தான் திறந்துவிடுவார்கள். அதற்குக் கொஞ்ச நாளாகும். தீர்த்தம்மாள் காத்திருக்கத் தயாராகத்தான் இருந்தாள்.

"அதுக்கு எதுக்குக்கா கண்டவன் வரணும்? நான் எதுக்கு இருக்கேன்?" என்றான் மாதவராஜ்.

தக்காளித் தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போடுவது அவன் தொழில். அக்கா தீர்த்தமலைக்கு வேண்டுதலுக்குப் போயிருந்த அன்று வேலையை முடித்து மண்ணையும் மூடிவிட்டான். திரும்பி வந்தவள் எந்த வழியாகப் போகிறது, என்ன குழாய் என்று விடாமல் கேட்டாள்.

"சுவத்த ஒட்டியே போகுதுக்கா. இரும்பு பைப்பு. துருப்புடிக்காம டேப்பு சுத்தியிருக்கேன். உன் காலத்துக்கும் தாங்கும்."

மண்ணுக்குள் போனதற்குச் சோப்பு நுரை தடவ முடியாது. அந்த இடத்துக்கு மட்டும் தம்பியின் வார்த்தையே போதும் என்று விட்டுவிட்டாள். ஊரில் எவனையும் நம்பாதவள் அவனை நம்பினாள்.

சுகுணாவுக்குக் கல்யாணம் கூடியது. எங்கள் பக்கம் வீட்டின் ஈசானி மூலையில் முகூர்த்தக்கால் நடுவார்கள். இவள் வீட்டில் அந்த மூலை கொட்டகைக்குப் போகிற வழியில் இருந்தது. குழிக்கு முதல் கடப்பாரை தாய்மாமன் போட வேண்டும். விடிந்ததும் பந்துக்கள் கூடிவிட்டார்கள். சுகுணா குத்துவிளக்கை ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு மூலையோரமாக நின்றாள். தட்டில் கற்பூரம் எரிந்தது. தாலியறுத்தவள் என்பதால் தீர்த்தம்மாள் ஒதுங்கி, சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தாள்.

கடப்பாரையை வாங்கிய மாதவராஜ், அக்கா புருஷன் வழிப் பெரியவரான கிருஷ்ணப்பனைப் பார்த்தான். "கொஞ்சம் தள்ளித் தோண்டுனா என்னங்க மாமா?"

"மூலைன்னா மூலைதான்பா. தள்ளி நட்டுக்க இது என்ன மாட்டுக் கட்டுத்தறியா?"

தீர்த்தம்மாள் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "தம்பி, பைப்பு அங்க இல்லியே? சுவத்தோரமாதான போகுது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"ஆமாக்கா," என்றான். உடனே தோள்பட்டை பிடித்துக்கொண்டது என்று சொல்லி, கடப்பாரையை மண்ணில் பேருக்குத் தொட்டு எடுத்துக் கிருஷ்ணப்பன் கையில் கொடுத்துவிட்டு வாசற்படிப் பக்கமாக நகர்ந்துகொண்டான்.

கிருஷ்ணப்பன் ஓங்கிக் குத்தினார். குழிக்குள்ளிருந்து புஸ்ஸென்று சத்தம் வந்தது. அழுகிய முட்டை நாற்றம் மற்றவர்களுக்கு எட்டுவதற்குள் தீர்த்தம்மாளுக்கு எட்டிவிட்டது. பாய்ந்து வந்தவள் பூஜைக்கு வைத்திருந்த நிறைகுடத்தை எடுத்து மகள் கையிலிருந்த விளக்கின் மேலும் கற்பூரத் தட்டின் மேலும் கவிழ்த்தாள். கல்யாண வீட்டில் விளக்கு அணைந்தது, அதுவும் தாலியறுத்தவள் கையால். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் அதையெல்லாம் பார்க்கவில்லை. ஓடிப்போய் மீட்டர் பக்கத்து வால்வைத் திருகி மூடினாள்.

"ஒருத்தரும் சுச்சுல கை வெக்காதீங்க. போனத் தொடாதீங்க. அப்படியே தெருவுக்குப் போங்க."

எல்லோரும் தெருக்கோடிக்குப் போன பிறகுதான் கம்பெனிக்குப் போன் செய்ய விட்டாள். வந்தவர் கருவியை வைத்துப் பார்த்து, வாடை போய்விட்டது என்று உறுதி செய்துகொண்டு குழியைக் கிளறினார். மூலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போன கருப்பு ஓசு ஒன்று கிழிந்து கிடந்தது.

"இது தோட்டத்துக்குப் போடற சொட்டுநீர் ஓசுங்கம்மா, துளை போடாதது. கேஸுக்கு ஆகவே ஆகாது. யாரு போட்டது?"

"என் தம்பிங்க," என்றாள்.

மாதவராஜ் தலையைத் தொங்கப்போட்டான். "கையில மிச்சம் இருந்துச்சுக்கா. அப்பறமா மாத்திக்கலாம்னு இருந்தேன். இத்தன பேரு முன்னாடி எப்படிச் சொல்லுவேன்?"

அதையும் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவன் சோம்பேறித்தனமும் பொய்யும் அவளுக்குப் புதிதில்லை. சின்ன வயதில் அவனுக்காக எத்தனையோ பேரிடம் பேச்சு வாங்கியிருக்கிறாள். இதற்கும் வாங்கியிருப்பாள்.

அப்போது அவன் பெண்டாட்டி நிர்மலாதேவி இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்தபடி மூச்சுவாங்க வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் வெள்ளந்தியாகக் கும்பிடு போட்டாள். "சாமிதான் அண்ணி காப்பாத்துச்சு. குழி தோண்டறதுக்கு முன்னாடியே இவரு எங்களக் கெளப்பி உட்டுட்டாரு. புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போயிரு, நான் போன் பண்ற வரைக்கும் வூட்டுப் பக்கம் வராதன்னாரு. போனே வரலியேன்னு ஓடியாந்தேன்."

தீர்த்தம்மாள் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உம் புள்ளைங்கள அனுப்பத் தெரிஞ்சுது உனக்கு. எம்பொண்ணு கையில எரியற வெளக்கோட நின்னாளே தம்பி. அதையாச்சும் வாங்கி வெச்சிருக்கலாமே."



கம்பெனி ஆட்கள் அந்தக் குழாயைப் பிடுங்கி எறிந்து, அது இணைந்திருந்த இடத்தை அடைத்து, சோதித்துவிட்டுப் போனார்கள். முகூர்த்தக்காலும் நட்டாயிற்று. கல்யாணத்துக்கு முதல் நாள் கிருஷ்ணப்பன் தயங்கித் தயங்கி, தாய்மாமன் மாலையை என்ன செய்வது என்று கேட்டார்.

"எம்பொண்ணுக்குத் தாய்மாமன் இல்லீங்க," என்றாள்.

மணவறையில் அவளே ஏறி மகள் கழுத்தில் மாலையைப் போட்டாள். முணுமுணுத்தவர்கள் முணுமுணுத்தார்கள். மாதவராஜ் மண்டப வாசலில் சீர்த்தட்டோடு வெகுநேரம் நின்றதை அவள் பார்த்தாள், கூப்பிடவில்லை. பந்தி முடிகிற நேரத்தில் பார்த்தபோது ஆள் இல்லை. சாப்பிட்டிருக்க மாட்டானே என்று மனசு அடித்துக்கொண்டது. மகளைக் கொளுத்தப் பார்த்தவனுக்காக இன்னும் இப்படிக் கிடந்து தவிக்கிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது.