யாருக்கும் கேட்காமல் ஓடிய பாட்டு

போன வருடம் ஆடித் திருவிழாவில், கல்வராயன் மலையில் ஓர் ஊரில், சாமி வந்து வாக்குச் சொல்லிக்கொண்டிருந்த அம்மாவை எங்கள் மைக் செட் நிறுத்திவிட்டது. பாட்டுப் போடும் மடிக்கணினிக்கு ஏதோ ஓர் அறிவிப்பு வந்தது. அதன் ‘டிங்’ இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ் வழியாகவும் கிளம்பி எதிர் மலையில் மோதித் திரும்பியது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சாமி இறங்கிவிட்டது. இன்னும் நாலு வீட்டுக்கு வாக்கு பாக்கி இருந்தது.

செட் என் அக்கா வீட்டுக்காரருடையது. கடை கள்ளக்குறிச்சியில். அந்த ஊருக்குப் பதினோரு வருடமாக மாமாதான் போகிறார். ஊர்ப் பெரியவர் அவரைத் திட்டவில்லை. “அடுத்த வருசம் ஒருக்கா வா. வாக்கு நடுவுல இன்னொரு சத்தம் வந்துச்சின்னா, சின்னசேலம் செட்டுக்குச் சொல்லிடுவோம்” என்றார்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். அதனால் வேலை என்னிடம் வந்தது. என் பழைய மடிக்கணினி ஒன்றை எடுத்தேன். பேட்டரி உப்பியிருந்ததால் கழற்றிப் போட்டேன். கரண்டில் மட்டும் ஓடும். பென் டிரைவிலிருந்து கிளம்பும் சின்ன லினக்ஸ் ஒன்றைப் போட்டேன். அதில் இணையம் இல்லை, படங்கள் இல்லை, ‘டிங்’ என்று சொல்ல எதுவுமே இல்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, பாட்டு ஓட்ட ஒரு நிரல். எல்லாம் ரேமிலேயே ஓடும். நாம் சேமித்தால் ஒழிய, கரண்டு போனால் செய்ததெல்லாம் மறந்துவிடும்.

பாட்டை அமுக்கிச் சிறிதாக்காத கோப்புகளாக ஏற்றினேன். கணினிக்குள் வேறெந்த நிரலும் நடுவில் கை வைக்காமல் அவை நேராக டாக்குக்குப் போகும். டாக் என்பது எண்களைப் பாட்டாக மாற்றும், தீப்பெட்டி அளவுக் கருவி. கடையில் முதன்முறை கேட்டபோது மாமா பாக்ஸின் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

“இன்னா பாப்பா, பாடறவங்க மூச்சு உடறது கூட கேக்குது?”

“நல்லா இருக்குதா மாமா?”

“நல்லா கீது. ஆனா இந்த எழுத்தெல்லாம் அடிச்சிக்கினு இருக்க என்னால ஆவாது. கரண்டு வந்தா பாட்டு வரணும். அவ்ளோதான்.”

கரண்டு வந்ததும் கணினி தானே எழும்படி அமைத்து, அவருக்காகவே ஒரு வரி எழுதிச் சேமித்தேன். கரண்டு வந்து இருபதாவது நொடியில் முதல் பாட்டு தானே கிளம்பும், முழுச் சத்தத்தில். செய்ய வேண்டியவை என்று நான் எழுதி வைத்த பட்டியலில் அது பதினான்காவது. அதற்கும் டிக் அடித்தேன்.

திருவிழா அன்று காலை மலையில் எல்லாம் ஓடியது. ஜெனரேட்டர் கரண்டில் பாட்டுக்கு நடுவே லேசாக ‘டிக் டிக்’ வந்தது. பெரியவர் மேசைப் பக்கம் வந்து, “பாட்டுல பல்லி கத்துதே, நல்ல சகுனமா?” என்றார். ஒலியைக் கொஞ்சம் கூடுதலாகத் தேக்கி வைத்து அனுப்பும்படி மாற்றினேன், நின்றது. சேமிக்கவில்லை. சாயங்காலம் சேமித்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

உச்சிப் பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் அந்த அம்மாவுக்குச் சாமி வந்தது. பாட்டை நிறுத்தச் சொல்லிப் பெரியவர் கையைத் தூக்கினார்; வாக்கு முடிந்தால்தான் அதை இறக்குவார். நான் பொத்தானை அழுத்தினேன். பாட்டு நின்றது. அடுத்த கணம் திரையும் அணைந்தது; பாக்ஸின் ‘டப்’ மேளச் சத்தத்தில் அமுங்கிவிட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். நாற்பது அடி தள்ளி, வேப்ப மரத்தில் கட்டிய மெயின் சுவிட்சின் பக்கத்தில் மாமா நின்றிருந்தார். கைப்பிடியை இறக்கிவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இனி எந்தச் சத்தமும் வராது என்று அர்த்தம். அவர் என் பொத்தானை நம்பவில்லை. அப்படிச் செய்யப்போவதாக என்னிடம் சொல்லவும் இல்லை. நானும், கரண்டு திரும்ப வந்தால் என்ன ஆகும் என்று அவரிடம் சொன்னதில்லை.

எங்களுக்கு நடுவே ஊரே மண்ணில் உட்கார்ந்திருந்தது. எழுந்து குறுக்கே போக முடியாது. கையைக் காட்டினேன். மாமா விரலை உதட்டில் வைத்தார்.

அந்த அம்மா மூன்று வீட்டுக்கு வாக்குச் சொன்னார். பிறகு நிறுத்தினார். ஒருவர் மஞ்சள் தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். முடிந்தது என்று நினைத்துவிட்டார் மாமா. கைப்பிடியை ஏற்றிவிட்டு, சப்பரத்துக்குத் தோள் கொடுக்க அந்தப் பக்கம் திரும்பி நடந்தார்.

பாக்ஸில் ‘டப்’ என்றது. நாலைந்து தலைகள் திரும்பின. அந்த அம்மா சொம்பிலிருந்து வாயை எடுத்தார். பெரியவரின் கை இன்னும் இறங்கவில்லை.

வாக்கு முடியவில்லை. தண்ணீருக்காகத்தான் நிறுத்தியிருந்தார்.

திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடத் தொடங்கின. மனதுக்குள் எண்ணினேன். ஒன்று. இரண்டு.

கணினி கிளம்பி முடியும்வரை எந்த விசையும் வேலை செய்யாது. கணினியின் கரண்டைப் பிடுங்கினால் டாக் சாகும். சாகும்போது பாக்ஸில் ‘டொக்’ என்று கேட்கும். ஆம்ப்ளிஃபையரின் குமிழைத் திருப்பலாம். ஆனால் திருப்பினால் கரகரவென்று கத்தும் பழைய குமிழ் அது. அதனால்தான் மாமா அதை டேப் போட்டு ஒட்டியிருந்தார். ஆம்ப்ளிஃபையரை அணைத்தாலும் ‘டப்’. ஒன்பது. பத்து.

அந்த அம்மா பெரியவரைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். “உன் வூட்டுக்கு வரேன். என்னாத்துக்குப் பயந்துக்கினு நிக்கற?”

பாக்ஸுக்குப் போகும் கம்பிகள். பாட்டு கிளம்பும் முன் பிடுங்கினால் சத்தம் வராது. பாக்ஸுக்கு இரண்டாக நாலு கம்பி; நாலும் வேண்டாம், பாக்ஸுக்கு ஒரு சிவப்பு போதும். மேசைக்குப் பின்னால், ஆம்ப்ளிஃபையரின் முதுகுப் பக்கம் குனிந்தேன். முதல் கம்பி ஸ்பிரிங்கை அழுத்தியதும் வந்துவிட்டது. பதினைந்து. இரண்டாவது சிக்கிக்கொண்டது. நகத்தால் நெம்பினேன். பதினேழு. நகம் மடங்கியது. பதினெட்டில் வந்தது.

திரையில் பாட்டின் பெயர் வந்தது. பக்கத்தில் நொடிகள் ஏறின. ஒன்று, இரண்டு, மூன்று. முழுச் சத்தத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, யாருக்கும் கேட்கவில்லை. செம்பு முனைகள் ஒன்றோடொன்று படாமல், கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கம்பி இல்லாத பாக்ஸ் சத்தம் போடாது என்பது எனக்குத் தெரியும். இருந்தும் அவற்றிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

பெரியவர் வீட்டுக்கு வாக்கு நீளமாகப் போனது. அப்போதுதான் மாமா திரும்பிப் பார்த்தார். இறங்காத கையைப் பார்த்தார், என்னிடமிருந்த இரண்டு சிவப்புக் கம்பிகளைப் பார்த்தார்.

பாட்டு முழுதும் ஓடி, இரண்டாவது பாட்டும் பாதி போன பிறகு பெரியவர் கையை இறக்கினார். பாட்டை நிறுத்தி, சத்தத்தைக் குறைத்து, கம்பிகளைச் சொருகினேன். சப்பரம் ஏழெட்டு அடி மேளத்தோடு மட்டும் போனது. பிறகுதான் பாட்டு வந்தது. ‘டிக் டிக்’கும் சேர்ந்தே வந்தது. காலையில் சேமிக்காமல் விட்டது.

சாமி கோயிலுக்குத் திரும்பியதும் பெரியவர் மேசைக்கு வந்தார். மாமா எழுந்து நின்றார்.

“பாட்டு லேட்டு,” என்றார் பெரியவர். “பல்லியும் திரும்ப வந்துட்டுது.”

“ஆமாங்க,” என்றார் மாமா. “ஒரு தடவ டப்புன்னும் கேட்டுதுங்க. தப்பு என்னுதுதாங்க.”

“அது சாமி தண்ணி குடிக்கறப்ப. வாக்குல வரல.” என் விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். “அடுத்த வருசமும் இந்தப் பொண்ணக் கூட்டிக்கினு வா. முன்னாடி நாளே வந்துடுங்க.”

அவர் போன பிறகு மாமா ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றிக்கொண்டே கேட்டார்: “நான் கரண்ட நிறுத்துனா கெட்டுப் பூடும்னு ஏன் பாப்பா சொல்லல?”

“நிறுத்தப்போறேன்னு நீங்க ஏன் மாமா சொல்லல?”

“போன வருசம் பட்டனத்தான் நம்பினேன், டிங்குன்னுச்சே.”

கணினியைத் திரும்ப இழுத்தேன். பாட்டைத் தானே கிளப்பும் அந்த வரியை அழித்தேன், பல்லிக்கான திருத்தத்தை மறுபடி எழுதினேன், சேமித்தேன். பிறகு மாமாவிடம், “இப்ப போய் மெயின எறக்கி ஏத்துங்க” என்றேன். அவர் போனார். திரை அணைந்தது, வந்தது. இருவரும் பாக்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இருபதைத் தாண்டி முப்பது வரை எண்ணினேன். கைப்பிடியை ஏற்றியபோது வந்த ‘டப்’ தவிர எந்தச் சத்தமும் வரவில்லை.