மாமரத்தடிப் பொதி

வங்கி வாசலில் காவலாளி என் இடுப்பைச் சுற்றி ஒரு கறுப்புக் கோலை ஓட்டினான். கீய்ங் என்றது. சாவிக்கொத்துத்தான். அவன் சிரித்தான், நான் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றேன். அந்தச் சத்தம் கேட்டால் அடுத்த அடி வைக்கக்கூடாது என்று ஒரு காலத்தில் சம்பளம் கொடுத்து என் கால்களைப் பழக்கியிருந்தார்கள்.

சண்டை ஓய்ந்து, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைச் சனம் அகதி முகாம்களிலிருந்து ஊர் திரும்பிய நாட்கள் அவை. கண்ணிவெடி அகற்றும் குழு ஒன்றில் நான் மொழிபெயர்ப்பாளன். நிலாவைப் பற்றிக் கவிதை எழுதிக்கொண்டிருந்தவனுக்கு, ‘மிதிக்காதீங்க’ என்பதை மூன்று மொழியில் சொல்லும் உத்தியோகம். குறை சொல்லவில்லை. என் வரிகளை அவ்வளவு கவனமாக அதற்குப் பிறகு யாரும் கேட்டதில்லை.

பழுகாமத்துப் பக்கம் ஒரு வளவில், மாமரத்தடியில் கருவி கத்தியது. மண்ணை விலக்கினால், மழைக்குக் கூடாரம் கட்டும் தறப்பாள் சுற்றிய பொதி. கட்டி வைத்த எதையும் அவிழ்ப்பதில்லை, பின்னேரம் இருந்த இடத்திலேயே வெடிக்க வைப்போம் என்றார் குழுத் தலைவர். அதை வளவுக்காரர் கணபதியண்ணனுக்குச் சொன்னேன். தோணி கட்டுகிற தச்சர். மனுசனின் முகம் செத்துப்போனது.

“ஐயோ தம்பி, அது என்ட சாமான்கள். வாச்சி, உளி, சீவுளி. சண்டைக்குப் பயந்து ஓடக்குள்ள நான்தான் மண்ணுக்குள்ள தாட்டன்.”

வாச்சி, பலகை செதுக்க. ஏறாவூர்க் கொல்லர் ஒருவர் அடித்துக் கொடுத்த இரும்பு. புளியமரப் பிடி அவரே போட்டது. சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஒரு பச்சைப் பெட்டி நிறையப் புதுச் சாமான்களும் கிடைத்தனவாம். அதிலிருந்த மரமறுக்கும் வாள், வைரம் பாய்ந்த முதிரை மரத்தைக் கண்டதும் கும்பிட்டு வளைந்ததாம். பெட்டி மட்டும் உருப்படி, வீட்டில் அரிசி போட உதவியது.

தறப்பாள் கிழிந்த இடத்தில் ஒரு துணி தெரிகிறது, அது என்ன துணி என்று சொல்லட்டும், அவிழ்க்கிறோம் என்றார் தலைவர்.

கணபதியண்ணன் வாயே திறக்கவில்லை. வீதியில் நின்ற படைக்காரருக்குப் பயப்படுகிறார் என்று நினைத்து, நான் பெரிய மனுசன் போல முதுகில் தட்டினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது படைக்காரரை அல்ல; பக்கத்தில் நின்ற மனைவி மகேசக்காவை.

“சொல்லுங்களன். வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா?” என்றார் அக்கா.

“அரக்குப் பட்டு,” என்றார் அவர், மண்ணைப் பார்த்து. “உன்ட கூறைதான் புள்ள.”

தாலி கட்டிய அன்று அக்கா உடுத்த சேலை. பொதி அவிழ்ந்தது. இரும்பில் ஒரு பொட்டுத் துருவில்லை. இரும்புக்குப் பூசிய இலுப்பெண்ணெயைக் குடித்திருந்த பட்டுத்தான் எடுக்க எடுக்கக் கிழிந்து வந்தது.

அக்கா ஏசப்போகிறார் என்று குழுவே காத்திருந்தது. ஏசவில்லை. முகாமில் அந்தக் கூறையைத் தேடிக் காணாமல், பக்கத்துக் கூடாரத்தில் இருந்த மச்சாளை, கணபதியண்ணனின் சொந்தத் தங்கையை, அவர் ‘கள்ளி’ என்று சொல்லியிருந்தார். அன்றோடு போக்குவரத்து நின்றது. மச்சாளின் மகள் கலியாணத்துக்கும் இவர்கள் போகவில்லை.

“நான் உங்கட தங்கச்சியக் கள்ளி எண்டு சொல்லக்குள்ள, நீங்க பக்கத்திலதானே இருந்து சோறு திண்டீங்க?”

“சாமான் துருப்பிடிச்சிரும் எண்டு, கைக்கு அம்பிட்டதால சுத்தினன். மறுகா சொல்லுவம் எண்டு...”

“நான் அதையா கேட்டன்?”

இப்போது வாவியில் ஓடுவதெல்லாம் பைபர் வள்ளங்கள். பாசிக்குடா விடுதிகளில் வாச்சிகளுக்கு வார்னிஷ் பூசிச் சுவரில் அறைந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் அதன் கீழே நின்று படம் எடுக்கிறார்கள். எங்கள் குழு கலைந்துவிட்டது. கணபதியண்ணன் இல்லை. அந்த மாமரமும் இல்லை. மதில் கட்டத் தறித்துவிட்டார்கள்.

பொதி அவிழ்த்த அன்று பின்னேரம் நாங்கள் புறப்பட்டபோது, மகேசக்கா கிழிந்த பட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீதிக்கு இறங்கினார். கணபதியண்ணன் வேலிப் படலை வரை வந்து, “மச்சாளிட்டயா? நானும் வரட்டா?” என்றார்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

“வேணாம். அவள் ஏசுறத இண்டைக்கு நான் தனிய நிண்டு கேட்டுட்டு வாறன். உங்களுக்கு நாளைக்கு.”