ஒரு செட் மாத்திரை

பனியன் கம்பெனிகள் நெருக்கியடித்து நின்ற வீதி ஒன்றில், மருந்துக்கடைக் கவுண்டரில் ஒன்பது வருடம் நின்றேன். சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த மருந்தாளுநர் சான்றிதழ் என்னுடையதல்ல, கடைக்காரருடையதுமல்ல. அதற்கு உரியவரை மொத்தமாக இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். நான் படித்தது பன்னிரண்டாம் வகுப்பு. ஆனாலும் அந்த வீதியில் என் பெயர் டாக்டர். முதலில் கிண்டலாகத்தான் கூப்பிட ஆரம்பித்தார்கள், போகப்போக எனக்கே அது பழகிவிட்டது. கடைக்காரர் மட்டும் "அரை டாக்டர்" என்பார். "ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன், தெரியுமில்ல?" என்று சொல்லிச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

எங்கள் கடையில் அதிகம் விற்றது 'செட்'. காய்ச்சல் செட், சளி செட், பல்வலி செட், வயிற்றுப்போக்கு செட். ஒரு வேளைக்கு நாலு மாத்திரை, கத்தரியால் வெட்டி, சின்னப் பழுப்புக் கவரில் போட்டுக் கொடுப்பேன். அதில் ஒன்று கட்டாயம் ஆன்டிபயாடிக் கேப்சூலாக இருக்கும். அது இல்லாவிட்டால் செட்டுக்கு மதிப்பில்லை, "கேப்சூல் போடலியா?" என்று கேட்டு வாங்குவார்கள். காலை எட்டரை மணி ஷிப்டுக்குப் போகிற வழியில் வாங்கி, எதிர் டீக்கடையில் டீயோடு விழுங்கிவிட்டு ஓடுவார்கள். கேப்சூலை முழுசாக ஐந்து நாளைக்கு வாங்கியவர் யாரும் கிடையாது.

"அண்ணே, இன்னைக்கு ஒரு நாள் நிக்கிற மாதிரி குடுங்கண்ணே, சாயங்காலம் ஷிப்மென்ட்" என்பாள் மதுரைப் பக்கமிருந்து வந்த ஒரு டெய்லர் பெண். கொடுப்பேன். நிற்பாள். மறுநாள் வந்து கும்பிடு போட்டுவிட்டுப் போவாள். கும்பிடு என்பது ஒரு கெட்ட பழக்கம், வாங்குகிறவனுக்குச் சொல்கிறேன்.

என் மனைவி ஓவர்லாக் மிஷின் டெய்லர். பல்லடத்துக்கு அந்தப் பக்கம் தோட்டத்து வீட்டில் ராகிக் களியும் கீரையும் கொள்ளும் தின்று வளர்ந்தவள். கல்யாணமாகி இங்கே வந்தபிறகு அவள் சாப்பாடு எப்படி ஆனது என்று இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. காலையில் ஒன்றுமில்லை. பதினொரு மணிக்கு டீயும் பன்னும். மத்தியானம் வெறும் ரசம் ஊற்றிய சோறு. சாயங்காலம் டீ, இரண்டு பிஸ்கட். ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிறவளுக்கு நான் வாங்கி வைத்திருக்கும் பரோட்டாப் பார்சல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோழி. கடித்துத் தின்ன ஒரு காயோ கீரையோ வாரக்கணக்கில் அந்த வீட்டுக்குள் வராது. தண்ணீரும் அவ்வளவாகக் குடிக்க மாட்டாள். குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், பாத்ரூம் போனால் வரிசையாகத் தைக்கிற லைன் மொத்தமும் நிற்கும்.

அதனால் அடிக்கடி நீர்க்கடுப்பு வரும். கேப்சூல் கொடுத்தேன். பஞ்சுத் தூசியில் தொண்டை கட்டும். கேப்சூல். பல்வலி வந்தது, இன்னும் கொஞ்சம் வீரியமான கேப்சூல், ஒரு வாரம். மற்றவர்களுக்கு ஒரு நாள் செட், சொந்தப் பெண்டாட்டிக்கு முழு அட்டை. அதுதான் பிரியம் என்று நினைத்தேன். அந்த வருடம் எத்தனை அட்டை தீர்ந்தது என்று எண்ணவில்லை. அலமாரி என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

பல்வலி போன நாலாம் நாள் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. லாரித் தண்ணீர்தான் காரணம் என்று நாங்கள் இருவரும் தண்ணீர்க்காரனைத் திட்டினோம். வயிற்றுப்போக்கு செட் கொடுத்தேன், அதிலும் ஒரு ஆன்டிபயாடிக். இரண்டு நாள் குறைந்த மாதிரி இருந்துவிட்டு முன்பைவிட மோசமாக வந்தது. வேறு கேப்சூல் மாற்றினேன். அந்த நேரம் பார்த்து அவள் கம்பெனியில் ஷிப்மென்ட் வாரம். ஒரு நாளில் ஏழெட்டு முறை எழுந்து போனவளிடம் லைன் சூப்பர்வைசர், "ஏனுங்கக்கா, இதுக்கு நீங்க ஊட்டுலயே இருந்துக்கலாமுங்களே" என்றிருக்கிறார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் வீட்டில் இருந்தால் மறுநாள் அந்த மிஷினில் வேறு ஆள் உட்கார்ந்திருக்கும்.

அவள் என்னிடம் வந்து கேட்டாள். "ஏனுங்க, இந்த வாரம் மட்டும் வவுறு நிக்கற மாதிரி ஏதாச்சும் குடுங்க."

கொடுத்தேன். வயிற்றுப்போக்கை நிறுத்துகிற மாத்திரை, சின்னது. ஷிப்மென்ட் சமயத்தில் எத்தனையோ பேருக்குக் கொடுத்ததுதான். அன்றே நின்றது. "டாக்டர் டாக்டர்தானுங்க" என்று கேலி செய்துவிட்டு வேலைக்குப் போனாள். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் என்னை நானே ஓர் அறை விடலாம் போலிருக்கிறது.

மூன்றாம் நாள் வயிறு உப்பி, தட்டினால் சத்தம் வருகிற மாதிரி இறுகிப்போனது. காய்ச்சல். அன்றும் வேலைக்குப் போயிருந்தாள். மத்தியானம் மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள் என்று கடை வாசலில் இருந்த ஒரு ரூபாய்க் காசு போனுக்குத் தகவல் வந்தது. கம்பெனி வேனில் கோயம்புத்தூருக்குக் கொண்டு போனோம்.

அங்கே பார்த்த டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், பிறகு கட்டிலருகே நின்று அவளிடமே கேட்டார்.

"இதுக்கு முன்னாடி என்ன மாத்திரை எல்லாம் சாப்பிட்டீங்கம்மா?"

அவளுக்குப் பெயர்கள் தெரியாது. ஆனால் ஒன்றையும் மறந்திருக்கவில்லை. செவப்பும் கருப்பும் கேப்சூல், நீட்ட வெள்ளை, மஞ்சப் பூச்சு போட்டது, கடைசியாக ஒரு பொடிசு என்று நிறம் நிறமாகச் சொன்னாள். எந்த நோவுக்கு எது என்றும் சொன்னாள். கால்மாட்டில் அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, என் கடை அலமாரியைத் தட்டுத் தட்டாக அவள் ஒப்பிப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"யாரு எழுதிக் குடுத்தாங்க?"

"மெடிக்கல்லயே வாங்குனதுங்க."

"எந்த மெடிக்கல்?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒண்ணுங்க. பேரு நெனப்பில்லீங்க."

"அந்த ஆளோட மூஞ்சிய ஒரு நாள் பார்க்கணும்" என்றார் டாக்டரம்மா. "கேப்சூல் மேல கேப்சூலா குடுத்துக் குடலைக் கெடுத்தது போதாதுன்னு, வெளிய போக வேண்டிய விஷத்தை உள்ளயே நிறுத்தியும் வெச்சிருக்கான். படிச்சவனா அவன்?"

அந்த மூஞ்சி அவருக்கு மூன்றடி தூரத்தில் இருந்தது. நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். செருப்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

பிறகு அவர் என்னைப் பார்த்து நிதானமாகவே விளக்கினார். குடலுக்குள் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கின்றன, எல்லாம் கெட்டதில்லை. நாம் தின்கிற தானியத்திலும் காயிலும் நமக்குச் செரிக்காத சக்கையைத் தின்றுதான் அவை பிழைக்கின்றன. அவை அடர்ந்திருக்கும்வரை கெட்ட கிருமிக்கு இடம் கிடைக்காது. கேப்சூல் நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் அழித்தது. பன்னும் டீயுமாக இருந்த குடலில் மறுபடி முளைக்க அவற்றுக்குத் தீனியும் இல்லை. காலியான இடத்தில் ஒரு பொல்லாத கிருமி மட்டும் பெருகி, குடலைப் புண்ணாக்கிவிட்டது.

"பாலை உறை ஊத்தாம வெச்சா என்னம்மா ஆகும்?" என்று அவளிடம் கேட்டார்.

"கெட்டுப் போயிருமுங்க."

"அவ்வளவுதான். உங்க வயித்துல உறை தீர்ந்துபோச்சு."

அவளுக்கு அது உடனே புரிந்தது. ஒன்பது வருடம் மருந்து விற்ற எனக்குத்தான் புதிதாக இருந்தது. வெளியே கூப்பிட்டு மிச்சத்தை என்னிடம் சொன்னார். இரண்டு நாள் பார்க்கலாம், வீக்கம் இறங்காவிட்டால் பெருங்குடலை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும், இந்த நிலைமையில் அதை அவள் தாங்குவாளா என்று உறுதி சொல்ல முடியாது. அந்த ஒரு கிருமியைக் கொல்ல மருந்து எழுதினார். சீட்டை வாங்கிப் பார்த்தேன். எங்கள் கடைக் கீழ்த்தட்டில் கிடக்கிற மருந்துதான். எனக்கு அதன் பெயர் தெரியும், விலை தெரியும், எதற்கு வேலை செய்யும் என்பது மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது.

அந்த இரண்டு நாளும் அவள் கட்டிலை விட்டு நான் நகரவில்லை. அவள் செத்துப்போனால் கொன்றது நான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. நர்சு வரும்போதெல்லாம் "காத்துப் பிரிஞ்சுதா?" என்று கேட்பார். காற்றுப் பிரிந்தால் குடல் மறுபடி வேலை செய்கிறது என்று அர்த்தம். இல்லை என்போம். பக்கத்துக் கட்டில் அம்மாவும் கேட்க ஆரம்பித்துவிட்டார். மூன்றாம் நாள் காலை அந்தச் சத்தம் கேட்டபோது அந்த அம்மா "ஆச்சு சாமி, ஆச்சு" என்று கையைத் தட்டினார். மனைவி வெட்கப்பட்டுப் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

வீட்டுக்கு வந்தபிறகும் அது லேசில் விடவில்லை. மறுமாதம் ஒரு முறை திரும்பி வந்தது, மறுபடி கோயம்புத்தூர் போனோம். உடம்பு பாதியாகிவிட்டது. "உங்களுக்கு மட்டும் சாப்பிடாதீங்க, உள்ள இருக்கறதுங்களுக்கும் சேர்த்துச் சாப்பிடுங்க" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். மாமியார் ராகியும் பச்சைப்பயறும் கொண்டுவந்து போட்டார். மோர், கூழ், கீரை, குழைய வைத்த அரிசிம்பருப்புச் சோறு என்று நானே சமைத்துக் கொடுத்தேன். ஒரு கவளம் உள்ளே போனால் அரை மணி நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அட்டையைக் கிழித்து விழுங்குகிற வேகத்தில் அழிந்த அந்த நல்ல கிருமி, கவளம் கவளமாகத்தான் திரும்பி வந்தது. ஒரு வருடம் கழித்துக்கூட முழுசாக வந்ததாகச் சொல்ல மாட்டேன். ஓவர்லாக் மிஷின் கைவிட்டுப் போனது. பிறகு வேறு கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள்.

அதோடு செட் கட்டுவதை நான் நிறுத்தினேன் என்று எழுத ஆசைதான். கொஞ்ச நாள் "டாக்டரைப் பாருங்க" என்று திருப்பி அனுப்பினேன். அவர்கள் அடுத்த வீதிக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் முறைத்தார். பிறகு கேப்சூல் இல்லாத செட் கொடுத்தேன். பிறகு, ரொம்பக் கெஞ்சுகிறவர்களுக்குக் கேப்சூலோடும் கொடுத்தேன். சம்பளம் அங்கேதானே வாங்கினேன்.

ஒரே ஒரு முறை அவளிடம் கேட்டேன். "ஏம்புள்ள, அன்னைக்கு பஸ் ஸ்டாண்டு மெடிக்கல்னு ஏன் சொன்னே?"

"வேற என்னனுங்க சொல்றது?" என்றாள். "நீங்க செருப்பக் கையில புடிச்சுட்டு நின்னுட்டு இருந்தீங்க."

அவளுக்கு என்மேல் கோபமில்லை என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

இன்னும் சில மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலை, கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் காய்ச்சிய கூழை மோரில் கரைத்துக் கொண்டுவந்து நீட்டினாள். டம்ளரை வாங்கும்போது விரல் பட்டது. சுட்டது.

"காச்சலா?"

"இல்லீங்க, அடுப்புகிட்ட நின்னனுங்க, அதுதான்."

அடுப்பு இன்னும் பற்ற வைக்கவே இல்லை. நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். அவள் ஓரடி பின்னால் போனாள். யோசித்துப் போனதல்ல, தானாகப் போனது. போனபிறகு அவளே திடுக்கிட்டாள். அலமாரியில் அரிசி டின்னுக்குப் பின்னால் சொருகியிருந்த ஒரு கவரை எடுத்துக் காட்டினாள். அரசு ஆஸ்பத்திரிச் சீட்டு, அதில் எழுதியிருந்த மாத்திரை. வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு முந்தின நாள் போய் வரிசையில் நின்றிருக்கிறாள். மூன்று நாளாகக் காய்ச்சலாம். ஒரே அறையில் படுத்திருந்த எனக்குத் தெரியாமல் வைத்திருந்திருக்கிறாள்.

"வெறும் காச்சல்தானாமுங்க, காட்டிட்டு வந்துட்டனுங்க" என்றாள். பிறகு, சின்னப் பிள்ளையிடம் சொல்கிற மாதிரி மெல்லச் சொன்னாள்.

"நீங்க ஒண்ணும் குடுக்க வேண்டாமுங்க."