கொம்பனிச் சட்டை

ஐஸ் தொழிற்சாலையின் இரும்புக் கேற்றில் அந்த அண்ணையின் தலை மோதிய சத்தம், கொம்பிரசர் இரைச்சலையும் தாண்டி எனக்குக் கேட்டது.

எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்கு மனம் நிலைக்கும். எனவே அதற்கு முந்தின நாளிலிருந்து சொல்கிறேன்.

அன்று காலை அமோனியாக் குழாய் ஒன்று கசிந்தது. குளிரூட்டல் படித்த டெக்னீஷியன் நான். முகமூடி இல்லாமல் எவரும் உள்ளே போகக்கூடாது என்றேன். மனேஜர் என்னைப் பார்க்காமலே, ஐஸ் கட்டி தூக்கும், குருநகரிலிருந்து வரும் அந்த அண்ணையிடம் திரும்பினார்.

"உள்ளுக்குப் போய் வால்வைப் பூட்டு."

"முகமூடி தாங்கோ சேர், போறன்."

"அதை உன்ரை கொந்தராத்துக்காரனிட்டைக் கேள்."

எங்கள் இருவரையும் ஒப்பந்தத்தில் வேலைக்கு அனுப்பிய கொந்தராத்துக்காரர் தொலைபேசியில் சிரித்தார். "தொழிற்சாலை அவையின்ரை. முகமூடி நானோ குடுக்கிறது?"

அண்ணை போகவில்லை. நான் சுற்றிப் போய் வெளி வால்வைப் பூட்டினேன். கசிவு நின்றது. ஆனால் அமோனியா ஓட்டமே நின்றுவிட்டதால் அன்றைய ஐஸ் உறையவில்லை. மாலையில் அண்ணையிடம், நாளை முதல் வர வேண்டாம் என்றார்கள்.

மறுநாள் அவர் வழக்கமான நீலச் சட்டையோடு வந்து கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன் நிப்பாட்டினனீங்கள் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. போறன்."

காவலாளி பொல்லால் அவர் விரல்களில் அடித்தார். விரல்கள் விடவில்லை. பிடரியைப் பிடித்துத் தலையைக் கம்பியில் மோதினார். நான் வெளியே ஓடி வந்தபோது அண்ணை மண்ணில் கிடந்தார். இன்னொரு காவலாளி விலாவில் உதைத்துக்கொண்டிருந்தார்.

"அடியாதேங்கோ!"

"தங்கச்சி, நீயும் கொந்தராத்துத்தான். உள்ளை போ."

மனேஜர் படியில் நின்று கத்தினார்: "அந்தச் சட்டையைக் கழட்டு! எங்கடை பேர் போட்ட சட்டை. உதோடை றோட்டிலை கிடந்து எங்களை நாறடிக்கிறான்."

பொத்தான்கள் தெறித்தன. பஸ்சுக்கு நின்றவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். வெறும் மேலோடு எழுந்த அண்ணை வாயிலிருந்த இரத்தத்தைத் துப்பினார்.

"சட்டை உங்கடை. அதிலை கிடக்கிற ரத்தம் ஆற்றை சேர்? தோய்ச்சுப் போட்டு மற்றவனுக்குக் குடுங்கோ."

தொழில் திணைக்களத்தில் விசாரணை நடந்தது. அண்ணையின் நெற்றியில் தையல் இருந்தது. அவர் தங்கள் தொழிலாளியே அல்ல என்றார் மனேஜர். தானாக விலகிவிட்டார் என்றார் கொந்தராத்துக்காரர். அவர் கொம்பனியின் ஆள் என்று நிரூபித்தால்தான் வேலையைத் திரும்பக் கேட்கலாம். சாட்சி நான் மட்டுமே.

வரிசையாகச் சொன்னேன். காலையில் அவருக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர் மனேஜர். லீவு கொடுப்பவர் மனேஜர். வால்வைப் பூட்டச் சொன்னவரும், கேற்றில் சட்டையைக் கழற்றச் சொன்னவரும் அவரே.

மனேஜருக்குக் கோபம் வந்தது. "ஓம், கழட்டச் சொன்னனான். அது கொம்பனிச் சட்டை. எங்கடை வேலையாக்கள் மட்டும்தான் போடலாம்!"

அதிகாரி பேனாவை எடுத்தார். "அப்ப இவர் உவ்வளவு காலமும் போட்டது?"

 மனேஜர் சொன்னதை அப்படியே எழுதி, அதன் கீழ் அவரிடமே கையொப்பம் வாங்கி, விசாரணையை ஒத்திவைத்தார் அதிகாரி.

மறுநாள் கேற் எனக்கும் திறக்கவில்லை.

"உன்ரை கொந்தராத்தும் முடிஞ்சுதாம், தங்கச்சி. சட்டையைத் தந்திட்டுப் போ."

"தரமாட்டன்."

காவலாளி என் கொம்பனிச் சட்டையின் தோளைப் பிடித்து இழுத்தார். நான் விடாததால் பொல்லு விழுந்தது. இடக்கை மரத்துப்போயிற்று. வலக்கையால் கழுத்துப் பட்டியை இறுக்கிப் பிடித்தபடி பஸ்சில் ஏறினேன்.

தோள் பக்கம் தையல் விட்டிருக்கிறது. நான் தைக்கவில்லை. அடுத்த விசாரணைக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் போவேன்.